என்எஃப்டியின் மின்கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

2023இல் ஒரு கல்லூரியில் ஓவியம் படிக்கும் மாணவர்கள் முன்னால் நின்று, ஒரு என்எஃப்டியை, அதாவது ஒரு டிஜிட்டல் படம் யாருக்குச் சொந்தம் என்று பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்கும் டோக்கனை, உருவாக்கி விற்றால் 200 கிலோவுக்கு மேல் கார்பன் டையாக்சைடு வெளியாகிறது என்று சொன்னேன். அந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதியும் வைத்தேன். நடு வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கி, "சார், இது எந்த செயினுக்கு, எந்த வருஷத்துக் கணக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த எண் 2020இன் கடைசியில் எத்தீரியம் என்ற பிளாக்செயினுக்காகப் போடப்பட்டது. அப்புறம் 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் இயங்குமுறையையே மாற்றி மின்செலவை 99.9 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிட்டது. ஒரு காலத்தில் நியாயமாக இருந்த மதிப்பீட்டை, அது காலாவதியான பிறகு கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அதைவிட வருத்தம் என்னவென்றால், அதன்பின் பிட்காயினைப் பற்றி நான் சொன்ன சரியான விஷயங்களையும் அந்த வகுப்பு நம்பவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அப்புறம் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை போட்டுக்கொண்டேன். என்எஃப்டி மாதிரியான டிஜிட்டல் கலெக்டிபிள் வாங்கலாமா, உருவாக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், இதன் சுற்றுச்சூழல் செலவைப் பற்றி வகுப்பிலோ நண்பர்களிடமோ பேச நினைப்பவர்களுக்கும் அது உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். வாலட் வேண்டாம், ஒரு ரூபாய் செலவும் இல்லை.

முதல் படி: எந்த செயின்?

என்எஃப்டி என்றதும் நமக்குப் படம்தான் கண்ணில் நிற்கும். ஆனால் படம் பெரும்பாலும் பிளாக்செயினில் இருப்பதே இல்லை. அங்கே இருப்பது ஒரு எண், அந்த எண் இப்போது எந்த முகவரிக்குச் சொந்தம் என்ற பதிவு, படம் எங்கே கிடக்கிறது என்று காட்டும் ஒரு சுட்டி, அவ்வளவுதான். அதனால் படம் எத்தனை எம்பி என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அந்தப் பதிவேட்டை யார், எப்படிக் காக்கிறார்கள் என்பதில்தான் செலவு முழுக்க இருக்கிறது.

ஓப்பன்சீ மாதிரியான ஒரு சந்தைத் தளத்தைத் திறந்து ஏதாவது ஒரு படத்தைத் தட்டுங்கள். விலையைக் கடந்து கீழே போனால் 'டீடெய்ல்ஸ்' என்று ஒரு பகுதி வரும். அதில் கான்ட்ராக்ட் முகவரி, டோக்கன் எண், அதோடு செயின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். விலை ஈதரில், அதாவது எத்தீரியத்தின் நாணயத்தில், போட்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து எத்தீரியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஏனென்றால் பாலிகான் செயினில் இருக்கும் பொருளுக்கும் ஈதரில் விலை போட முடியும்.

இன்னும் இரண்டு இடங்களில் புதியவர்கள் தவறுகிறார்கள். எத்தீரியமும் எத்தீரியம் கிளாசிக்கும் ஒன்றல்ல. 2022இல் எத்தீரியம் மாறியபோது கிளாசிக் மாறவில்லை, பழைய முறையிலேயே ஓடுகிறது. அதுவரை எத்தீரியத்தின் பதிவேட்டைக் காக்கும் கணக்கைப் போட்டுவந்து, மாற்றத்தால் வேலை இழந்த கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஒரு பகுதி அப்போது அங்கேதான் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று ஆர்டினல்ஸ். 2023 ஜனவரியில் கேசி ரோடார்மோர் என்பவர் கொண்டுவந்த இந்த முறையில் படத்தையே பிட்காயின் பதிவேட்டின் பக்கத்துக்குள், அதாவது பிளாக்குக்குள், பொறித்து வைக்கலாம். ஆக, "என்எஃப்டி எல்லாம் இப்போது சுத்தமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், மின்சாரத்தை அதிகம் எரிக்கும் பிட்காயின் மேலேயே கலெக்டிபிள் விற்பனை நடப்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாம் படி: பதிவேட்டைக் காப்பது எப்படி?

செயின் பெயர் கிடைத்ததும் அது 'ப்ரூஃப் ஆஃப் வொர்க்' முறையா, 'ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்' முறையா என்று தேடிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. ஆனால் இந்த இரண்டும் என்ன என்று நமக்கே புரியாவிட்டால் அடுத்தவருக்குச் சொல்ல வராது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிட்காயின் முதல் வகை. பதிவேட்டின் அடுத்த பக்கத்தை, அதாவது பிளாக்கை, எழுதும் உரிமைக்கு உலகம் முழுக்க இயந்திரங்கள் போட்டி போடுகின்றன. போட்டி என்றால் அறிவுப் போட்டி எதுவும் கிடையாது. ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது, விடை சரியில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது, இதையே திரும்பத் திரும்பச் செய்வது. ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ என்ற ஒரு பெட்டி நொடிக்கு 110 லட்சம் கோடி முறை இப்படி முயன்று பார்க்கிறது. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உலகத்தில் ஏதோ ஒரு பெட்டிக்கு விடை சிக்குகிறது, அதை ஓட்டுபவருக்குப் பரிசு; இந்தப் போட்டிக்குத்தான் மைனிங் என்று பெயர். மற்ற எல்லாப் பெட்டிகளும் அந்தப் பத்து நிமிடத்தில் போட்ட கணக்கு எதற்கும் ஆகாமல் போகிறது. அந்த மின்சாரம் சூடாக வெளியே போய்விடும்.

இதில் ஒரு விஷயம் என்னை முதலில் படித்தபோதே உலுக்கியது. கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சரியாகச் சொன்னால் 2016 பிளாக்குக்கு ஒருமுறை, போட்டியின் கடினத்தை அந்த அமைப்பே திருத்திக்கொள்கிறது. இயந்திரங்கள் கூடினால் கடினமும் கூடும். 2010இல் கொஞ்சப் பேர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டியபோதும் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக்தான். இன்றைக்கு லட்சக்கணக்கான பெட்டிகள் ராப்பகலாக ஓடியும் அதே பத்து நிமிடம், அதே ஒரு பிளாக். ஏமாற்ற நினைப்பவருக்கு அவ்வளவு செலவாகும் என்பதே பாதுகாப்பு என்று பிட்காயின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. செலவு அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் முறையில் இந்தப் போட்டி இல்லை. பக்கம் எழுத விரும்புபவர் ஒரு தொகையைப் பிணையாகக் கட்டி வைக்கிறார். எத்தீரியத்தில் ஒருவர் தனியாகச் செய்வதென்றால் 32 ஈதர் வேண்டும். யார் முறை என்பதை அமைப்பு தேர்ந்தெடுக்கும், ஏமாற்றினால் பிணையில் கை வைக்கும். சாதாரண கம்ப்யூட்டர் போதும். எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று இதற்கு மாறியது, அந்த மாற்றத்தை 'தி மெர்ஜ்' என்பார்கள். டெசோஸ் என்ற செயின் முதலிலிருந்தே இந்த வகை. அதனால்தான் 2021 மார்ச்சில் பிரேசிலில் தொடங்கிய ஹிக் எட் நுங்க் என்ற சந்தை, சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்பட்ட ஓவியர்கள் போய்ச் சேர்ந்த இடமாக இருந்தது.

இந்த வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்றில் தோற்பதற்கு மின்சாரம் எரிகிறது, மற்றதில் தோற்பதே கிடையாது.

மூன்றாம் படி: எண்ணை நீங்களே போடுங்கள்

யாரோ எழுதிய பெரிய எண்ணை அப்படியே ஒப்பிப்பதைவிட, ஒரு பெட்டியில் தொடங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினால் கேட்பவர் மனத்தில் நிற்கும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன எஸ்19 ப்ரோ 3,250 வாட் எடுக்கும். மணிக்கு மூன்றேகால் யூனிட், ஒரு நாளைக்கு 78 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிறதல்லவா, அதை இந்த ஒரு பெட்டி 31 மணி நேரத்தில் தீர்த்துவிடும். அளவில் அது இரண்டு மூன்று ஷூ பெட்டிகளைச் சேர்த்து வைத்த மாதிரி, அவ்வளவுதான். சத்தம் 75 டெசிபல், இரவும் பகலும்.

அடுத்து, மொத்த வலையமைப்பு. 2024 நடுவில் பிட்காயினின் மொத்த வேகம் நொடிக்குச் சுமார் 60 கோடி டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் என்றால் ஒரு லட்சம் கோடி முயற்சி). நம் பெட்டியின் வேகம் 110 டெராஹாஷ். வகுத்தால் 54 லட்சத்துக்கு மேல் பெட்டிகள். பெட்டிக்கு 78 யூனிட் என்று பெருக்கினால் நாளொன்றுக்கு 42 கோடி யூனிட்டைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு 15,500 கோடி யூனிட் பக்கம் வரும்.

இப்போது இதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு ஒத்துப் பாருங்கள். அங்கே இருக்கும் மாற்று நிதி ஆய்வு மையம் 2019 முதல் பிட்காயினின் மின்செலவைத் தொடர்ந்து மதிப்பிட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. 2025 ஏப்ரல் அறிக்கையில் அவர்கள் தந்த மதிப்பீடு ஆண்டுக்கு 138 டெராவாட் மணி, அதாவது 13,800 கோடி யூனிட். நம் கைக்கணக்கு அதைவிடச் சற்று மேலே நிற்கக் காரணம், புதிய பெட்டிகள் அதே வேலைக்குக் குறைவாக மின்சாரம் எடுக்கும் என்பதை நாம் சேர்க்கவில்லை. ஆனாலும் பாருங்கள், ஒரு தாளில் போட்ட கணக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது. தமிழ்நாடு முழுக்க, ஆலைகளும் பம்புசெட்டுகளும் வீடுகளும் சேர்ந்து, ஓராண்டில் பயன்படுத்தும் மின்சாரத்தோடு வைத்துப் பார்க்கக்கூடிய அளவு இது.

எத்தீரியத்துக்கும் போடுவோம். மாற்றத்துக்குப் பிறகு அதன் ஆண்டு மின்செலவை கிரிப்டோ கார்பன் ரேட்டிங்ஸ் இன்ஸ்டிட்யூட் சுமார் 26 லட்சம் யூனிட் என்று மதிப்பிட்டது. கோடி கிடையாது, லட்சம். நாளைக்கு ஏறத்தாழ 11 லட்சம் பரிவர்த்தனை என்று வைத்தால், ஆண்டுக்கு 40 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு பரிவர்த்தனைக்கு ஆறேழு வாட் மணி வரும். ஒன்பது வாட் எல்இடி பல்பு முக்கால் மணி நேரம் எரிவதற்கு ஆகும் மின்சாரம். அந்த வகுப்பில் நான் 200 கிலோ என்று எழுதியபோது உண்மை இந்தப் பல்பாக இருந்தது.

நான்காம் படி: பிட்காயினை மட்டும் பரிவர்த்தனைக்கு வகுக்காதீர்கள்

எத்தீரியத்துக்கு இப்போதுதானே வகுத்தோம் என்று கேட்பீர்கள். அங்கே அது ஒரு சின்ன எண் எவ்வளவு சின்னது என்று காட்டத்தான். பிட்காயினில் வகுத்தால் ஒரு பரிவர்த்தனைக்கு 800 யூனிட், இத்தனை மாத வீட்டு மின்சாரம் என்று எண் வரும், கேட்கவும் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்துவிடும். காரணம், இன்றைக்கு ஐந்து லட்சம் பரிவர்த்தனை நடந்தாலும் முப்பது பரிவர்த்தனை நடந்தாலும் அந்தப் பெட்டிகள் எடுக்கும் மின்சாரம் மாறாது. ஒரு பரிவர்த்தனையைத் தவிர்த்தால் 800 யூனிட் மிச்சமாகாது.

அப்படியானால் எது மாறினால் மாறும்? பரிசுத்தொகை. 2024 ஏப்ரல் முதல் ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின் பரிசு. ஒரு நாளைக்குச் சராசரி 144 பிளாக், ஆக 450 பிட்காயின். ஒரு பிட்காயின் 60,000 டாலர் என்றால் நாளைக்கு 2.7 கோடி டாலர் மேசையில் வைக்கப்படுகிறது. அதைப் பிடிக்க எவ்வளவு மின்சாரம் செலவழித்தாலும் லாபம் நிற்கும் என்றால் அவ்வளவையும் யாரோ ஒருவர் செலவழிப்பார். விலை ஏறினால் பழைய பெட்டியைக்கூடத் தூசி தட்டி ஓட்டுவார்கள். விலை இறங்கினால் அணைப்பார்கள். மின்சாரம் விலையின் பின்னால் போகிறது.

இதைப் புரிந்துகொண்டால் ஆர்டினல்ஸின் பங்கும் தெளிவாகும். படம் பொறிக்க இடம் வேண்டும் என்று ஆட்கள் முண்டியடிக்கும்போது கட்டணம் எகிறுகிறது, கட்டணம் பரிசோடு சேர்கிறது. 2024 ஏப்ரல் 20 அன்று, பரிசு பாதியான அதே நாளில், ரூன்ஸ் என்ற புதுவகை டோக்கன் வந்து ஒரு பரிவர்த்தனைக்கான சராசரிக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. அந்தப் பணம் போட்டியை ஓட்டுபவர்களின் கைக்குத்தான் போனது. ஆகவே சரியாகச் சொல்ல வேண்டுமானால், "நீங்கள் வாங்கும் இந்த ஒரு படம் இவ்வளவு யூனிட் எரித்தது" என்று சொல்லாமல், "இந்தச் சந்தையில் நீங்கள் போடும் ஒவ்வொரு டாலரும் பெட்டிகள் ஓடுவதற்கான கூலியைக் கூட்டுகிறது" என்று சொல்லுங்கள். இதை யாரும் மறுக்க முடியாது.

ஐந்தாம் படி: அந்த மின்சாரம் எங்கே எரிகிறது?

எனக்கு முக்கியமான படி இதுதான், ஏனென்றால் இங்கேதான் எண் ஒரு ஊராக மாறுகிறது.

ஒரு யூனிட் எங்கே உற்பத்தியானது என்பதைப் பொறுத்து அதனால் வெளியாகும் கார்பன் டையாக்சைடின் அளவு மாறும். இந்திய மின்கட்டமைப்பில், மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டையாக்சைடு. அந்த ஒரு பெட்டியை இங்கே ஓட்டினால் நாளைக்கு 55 கிலோ. கேம்பிரிட்ஜ் அறிக்கை மொத்தப் பிட்காயினுக்கும் 3.98 கோடி டன் என்கிறது. 13,800 கோடி யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 0.29 கிலோ. அவர்கள் கணக்கில் 52.4 சதவீத மின்சாரம் அணுசக்தியும் சேர்த்து நீடிக்கக்கூடிய மூலங்களிலிருந்து வருகிறது, இயற்கை எரிவாயு 38.2, நிலக்கரி 8.9. இந்த விகிதங்களை மேற்கோள் காட்டும்போது இவை மைனிங் நிறுவனங்களிடம் கேட்டுப் பெற்ற பதில்கள் என்பதையும், உலகின் மொத்த மைனிங்கில் ஏறக்குறைய பாதியை ஓட்டுபவர்கள் மட்டுமே பதில் சொன்னார்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். மற்றப் பாதி எதில் ஓடுகிறது என்பது அந்தப் பதில்களில் இல்லை.

இந்த விகிதம் ஒரே ஆண்டில் தலைகீழாக மாறக்கூடியது என்பதற்கு சீனாவே உதாரணம். சிச்சுவான் மாகாணத்தில் மழைக்காலத்தில் அணை மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது பெட்டிகள் அங்கே போகும், மழை நின்றதும் லாரியில் ஏறி ஷின்ஜியாங்கின் நிலக்கரி மின்சாரத்துக்கு வரும். பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் கால்நடை மாதிரி இருந்தது அது. 2021இல் சீன அரசு மைனிங்கைத் தடை செய்தது. பெட்டிகள் ஓய்ந்துவிடவில்லை, கப்பலும் லாரியும் ஏறிப் போயின. பெருமளவு நிலக்கரியை நம்பியிருக்கும் கஜகஸ்தான் சில மாதங்களிலேயே உலகின் இரண்டாவது பெரிய மைனிங் நாடானது. அந்தக் குளிர்காலத்தில் அங்கே மின்தட்டுப்பாடு. ஜூல் ஆய்விதழில் அலெக்ஸ் டி வ்ரீஸும் சக ஆய்வாளர்களும் 2022இல் எழுதிய கட்டுரை, பிட்காயினில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு 2020இல் 41.6 சதவீதமாக இருந்தது 2021 ஆகஸ்டில் 25.1 ஆகக் குறைந்தது என்று காட்டியது. அதே 2021இல் ஈரான் மின்வெட்டு தாங்காமல் கோடையில் நான்கு மாதம் மைனிங்கையே நிறுத்தி வைத்தது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஏரிக்கரையில் டிரெஸ்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே 2011இல் மூடப்பட்ட நிலக்கரி மின்நிலையம் ஒன்று எரிவாயுவுக்கு மாற்றப்பட்டுத் திரும்ப ஓடத் தொடங்கி, பிற்பாடு பிட்காயின் மைனிங்குக்கு மின்சாரம் தரும் இடமானது. அதைக் குளிர்விக்க ஏரியிலிருந்து தண்ணீரை இழுத்துச் சூடாகத் திருப்பி விடுகிறார்கள் என்பது கரையில் வாழ்பவர்களின் கவலை, அங்கே இருப்பது டிரவுட் மீன். 2022 ஜூனில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அதன் காற்று அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது, வழக்கு தொடர்ந்தது. அந்த நவம்பரில் நியூயார்க் மாநிலம், புதைபடிவ எரிபொருள் மின்நிலையங்களில் இந்த வகை மைனிங்குக்குப் புது அனுமதி கொடுப்பதை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தியது. டெக்சாஸில் கிரான்பரி பக்கத்தில் இருப்பவர்களின் பிரச்சினை புகைகூட இல்லை, ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் குளிர்விக்கும் விசிறிகளின் இரைச்சல். தூக்கம் போச்சு, தலைவலி என்று புகார் செய்துகொண்டிருந்தார்கள். 75 டெசிபல் பெட்டி ஒன்றை நினைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் பெருக்கிப் பாருங்கள்.

நீங்கள் பேசும்போது இதில் ஏதாவது ஒரு ஊரை மட்டும் எடுத்து முழுதாகச் சொல்லுங்கள். எல்லா ஊரையும் அடுக்கினால் எதுவும் நிற்காது.

ஆறாம் படி: பெட்டி குப்பையாகும்போது

இதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். பிட்காயின் பெட்டிக்கு இந்த ஒரு கணக்கைத் தவிர வேறெதுவும் தெரியாது. புதுப் பெட்டி வந்ததும் பழையது லாபம் தராது, கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி விளையாட்டுக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது. டி வ்ரீஸும் கிறிஸ்டியன் ஸ்டோலும் 2021இல் ஆண்டுக்கு சுமார் 30,000 டன் மின்கழிவு என்று மதிப்பிட்டார்கள், பெட்டியின் ஆயுளை ஒன்றேகால் ஆண்டு சொச்சம் என்று வைத்து. கேம்பிரிட்ஜ் அறிக்கையோ பெட்டிகள் அதைவிட நெடுநாள் ஓடுகின்றன, பழையவற்றில் பெரும்பகுதி விற்கப்படுகிறது அல்லது மறுசுழற்சிக்குப் போகிறது என்று சொல்லி மிகக் குறைந்த எண்ணைத் தருகிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆயுளை எவ்வளவு என்று வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் முழுக்க இருக்கிறது.

ஏழாம் படி: 'கார்பன் நியூட்ரல்' என்று போட்டிருந்தால்

விற்பவர்களின் பக்கத்தில் பச்சை இலைப் படம் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

எதை மட்டும் எண்ணினீர்கள்? 2022 பிப்ரவரியில் காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூடபிள்யூஎஃப்பின் பிரிட்டன் கிளை அழியும் விலங்குகளுக்கு நிதி திரட்ட பாலிகான் செயினில் என்எஃப்டி வெளியிட்டது. ஒரு பரிவர்த்தனைக்கு ஆகும் பாதிப்பு ஒரு குவளை குழாய்த் தண்ணீருக்குச் சமம் என்று விளக்கம் கொடுத்தது. ஆனால் பாலிகான் தன் பதிவுகளை எத்தீரியத்தில் நங்கூரமிட்டுத்தான் பாதுகாக்கிறது, எத்தீரியம் அப்போது பழைய முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பங்கையும் சேர்த்தால் உண்மை இரண்டாயிரம் மடங்குக்கு மேல் என்று டி வ்ரீஸ் கணக்குக் காட்டினார். எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களில் விற்பனை நிறுத்தப்பட்டது. எல்லையை எங்கே போடுகிறார்கள் என்று பார்க்காமல் எந்த எண்ணையும் ஏற்காதீர்கள்.

எந்த கார்பன் கிரெடிட்? வேறெங்கோ கார்பன் வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான சான்று அது, அதை வாங்கிக் காட்டித்தான் 'நியூட்ரல்' என்கிறார்கள். 2021இல் பழைய, விலைபோகாத கிரெடிட்டுகளை டோக்கனாக மாற்றி விற்கும் அலை ஒன்று வந்தது. ஒருமுறை பயன்படுத்தி முடித்த கிரெடிட்டை வைத்து டோக்கன் உருவாக்குவதைப் பதிவு அமைப்பான வெரா 2022 மே மாதம் தடை செய்ய வேண்டியதாயிற்று. எத்தனையாவது ஆண்டுக் கிரெடிட், எந்தக் காடு, எந்தத் திட்டம் என்று கேட்டால் ஒழுங்கானவர்கள் சொல்வார்கள்.

எழுத்தில் இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் மிக்கா சட்டம், 2024 டிசம்பர் 30 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தது, அங்கே வெளியிடப்படும் கிரிப்டோ சொத்துகளின் விளக்க ஆவணத்தில் ('ஒயிட் பேப்பர்') பதிவேட்டுமுறையின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறிப்பிடச் சொல்கிறது. தனித்தனி என்எஃப்டிகள் இதில் வராது, ஆனால் அவை ஓடும் செயினின் நாணயத்துக்கான ஆவணத்தைத் தேடிப் படிக்கலாம்.

கடைசிப் படி: ஆட்களிடம் பேசுவது

மெமோ ஆக்டன் என்ற கலைஞர் 2020 டிசம்பரில், என்எஃப்டி ஒவ்வொன்றுக்கும் மின்செலவைக் கணக்கிட்டுக் காட்டும் ஒரு தளத்தை நடத்தினார். நான் வகுப்பில் சொன்ன 200 கிலோவின் ஊற்று அவருடைய கணக்குதான். பரிவர்த்தனைக்கு வகுப்பது சரியா என்ற விவாதம் அப்போதே இருந்தது. ஆனால் சில மாதங்களில் அவரே அந்தத் தளத்தை எடுத்துவிட்டார். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் தனித்தனி ஓவியர்களைத் தேடிப்போய்த் திட்டத் தொடங்கியிருந்தார்கள். வாடகை கட்டுவதற்காக முதன்முறையாக ஒரு படம் விற்றவர்களும் அதில் மாட்டினார்கள். நான் இதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்: பேச வேண்டியது செயினைப் பற்றி, தளத்தைப் பற்றி.

மாற்றம் வந்த இடங்களைப் பார்த்தாலும் அப்படித்தான். பிரெஞ்சுக் கலைஞர் ஜோனி லெமெர்சியே தன் ஸ்டூடியோவின் மின்சாரத்தை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டு வந்தவர். ஆறு படைப்புகளை என்எஃப்டியாக விற்றபின், சில நொடியில் முடிந்த அந்த விற்பனைக்கு ஸ்டூடியோவின் இரண்டு ஆண்டு மின்சாரம் கணக்காவதைப் பார்த்து அடுத்த விற்பனைகளை நிறுத்திவிட்டுத் தளங்களிடம் கணக்குக் கேட்டார். 2021 மார்ச்சில், ஓவியர்கள் தங்கள் படைப்புகளைக் காட்டும் தளமான ஆர்ட்ஸ்டேஷன் என்எஃப்டி விற்பனையை அறிவித்த சில மணி நேரத்தில், அதில் இருந்த ஓவியர்களே எதிர்த்ததால் திட்டத்தைக் கைவிட்டது. எத்தீரியம் மாறியதில் பொறியாளர்களின் பல ஆண்டு உழைப்போடு இந்தக் கேள்விகளின் அழுத்தமும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பேசும்போது இரண்டு பதில்கள் உங்களுக்குத் திரும்பி வரும். ஒன்று, "வங்கியும் தங்கச் சுரங்கமும் மின்சாரம் எடுக்கவில்லையா?" எடுக்கின்றன. ஆனால் எத்தீரியம் அதே வேலையைப் பல்பு அளவு மின்சாரத்தில் செய்து காட்டிவிட்டது, அதனால் ஒப்பிட வேண்டிய இடம் வங்கி கிடையாது. இன்னொன்று, "வீணாக எரிக்கப்படும் எரிவாயுவைப் பயன்படுத்துகிறோம், நெருக்கடியில் அணைத்து மின்கட்டமைப்புக்கு உதவுகிறோம்." இரண்டும் நடக்கிறது, மறுக்காதீர்கள். கூடவே, டெக்சாஸில் ரயட் என்ற மைனிங் நிறுவனம் 2023 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் அப்படி அணைத்ததற்கும் மின்சாரத்தைத் திருப்பி விற்றதற்கும் 3.17 கோடி டாலர் மதிப்புள்ள சலுகை பெற்றதாகத் தானே அறிவித்ததையும் சொல்லுங்கள். உதவிக்குக் கூலி உண்டு, அதைக் கட்டுவது அந்த மின்கட்டமைப்பில் இருக்கும் மற்றவர்கள்.

முடிக்கும்போது கேட்டவர் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். படம் வரைபவர் என்றால், எந்த செயினில் வெளியிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கலாம். விழா நடத்துபவர் நினைவுப் பரிசாக டோக்கன் கொடுக்கப்போகிறார் என்றால், கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள், ஆம் என்றால் செயின் பெயரைக் கேளுங்கள். பழைய மைனிங் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று தம்பி ஒருவர் வந்து நின்றால் 78 யூனிட் கணக்கை அவரையே தாளில் போடச் சொல்லுங்கள். நான் இப்போது பலகையில் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே செயின் பெயரும் ஆண்டும் எழுதிவிட்டுத்தான் மாணவர்கள் பக்கம் திரும்புகிறேன்.